மலைக்காட்டில் குதிரையும் தூண்டிலும்: வழிகாட்டும் தொழில் யாருடையது?

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறை விடுவது இதே காலத்தில்தான். எமக்கு இது கச்சான் காற்று வீசும் காலம், வட்டையில் சிறுபோகம் நிற்கும் காலம். வருகின்ற வெளிநாட்டவர் எல்லோரும் கடலோடு நின்றுவிடுவதில்லை. காட்டுக்குள் கூட்டிப்போக ஆள் உண்டா, ஆற்றில் தூண்டில் போட இடம் உண்டா, குதிரை கிடைக்குமா என்று விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் பைத்தியக்காரரல்லர். அவரது நாட்டில் அது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு தொழில். அதற்குச் சட்டம் உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு, ஒரு வாரப் பயணத்துக்குச் சில ஆயிரம் டொலர் கட்டணமும் உண்டு.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அது எமது நாட்டு மலைகளுக்கு எப்படி வந்தது, கல்முனை தொடக்கம் பாணமை வரையான கரையில் அதற்கு நிகராக என்ன இருந்தது, என்ன மிஞ்சியிருக்கிறது என்பவற்றையே இக்கட்டுரை எடுத்துச் சொல்கிறது. வேடிக்கைக்காக அல்ல. யுத்தம் எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் காட்டுக்குள் போய்வரும் அறிவும் ஒன்று. அந்த அறிவுக்கு உலகில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது எமது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொன்டானாவில் ஒரு வாரம்

அமெரிக்காவின் வடமேற்கே கனடாவின் எல்லையோடு ஒட்டிய மாநிலம் மொன்டானா. றொக்கி மலைத்தொடரில் அங்கே பொப் மார்ஷல் வனாந்தரம் என்றொரு நிலப்பரப்பு இருக்கிறது. 1939இல் இளவயதிலேயே இறந்துபோன ஒரு வனவியலாளரின் பெயர் அது. பரப்பளவு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீற்றர். எமது அம்பாறை மாவட்டம் முழுவதும் சுமார் 4,400 சதுர கிலோமீற்றர்தான் என்று வைத்துப் பார்த்தால் அளவு விளங்கும். மாவட்டமளவு நிலத்துக்குள் ஒரு வீதி கிடையாது, ஒரு கடை கிடையாது.

1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் வனாந்தரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலங்களுக்குள் மோட்டார் வாகனம் போக முடியாது. சைக்கிளும் போக முடியாது. பாதையில் விழுந்த மரத்தை அறுக்கவும் கைவாளைத்தான் பாவிக்க வேண்டும், இயந்திர வாள் கூடாது. குதிரை அங்கே இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பழமையில் உள்ள ஆசையால் மட்டும் யாரும் குதிரை வளர்ப்பதில்லை. இயந்திரத்தைச் சட்டம் வெளியே நிறுத்தியதால் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் அவற்றை நடத்தத் தெரிந்த மனிதனுக்கும் வேலை நிலைத்தது.

பயணம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும். அதற்கு முன் மலைக் கணவாய்களில் பனி உருகியிருக்காது. ஆறுகளும் பனி உருகிய நீரால் கலங்கிப் பெருகி ஓடும். விருந்தாளிகள் குதிரையில் ஏறுவார்கள். கூடாரம், அரிசி, மா, பாத்திரம் எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில் போகும். ஒரு கழுதைக்கு ஏறத்தாழ 70 கிலோ. இரு பக்கமும் எடை சரிசமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு கிலோ கூடினாலும் மலையேற்றத்தில் சேணம் சரிந்து மிருகத்தின் முதுகு புண்ணாகிவிடும். பொதி கட்டுவது அங்கே தனியாகக் கற்கின்ற ஒரு கலை. எமது பக்கத்துப் பொதிமாட்டுக்காரருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு நாள் அல்லது இரண்டு நாள் குதிரைச் சவாரிக்குப் பின் ஆற்றங்கரையில் கூடாரம் போடுவார்கள். அங்கே தூண்டில் தொடங்கும்.

அவர்கள் போடுகின்ற தூண்டிலை ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். நாங்கள் ஈத்தூண்டில் என்று சொல்லலாம். எமது தூண்டிலில் இரையோ ஈயமோ பாரமாக இருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் கொக்கியில் இருப்பது உண்மையான இரையல்ல. சிறு கொக்கியைச் சுற்றி இறகும் மயிரும் நூலும் கட்டிச் செய்த பொய்யான ஈ. அதற்குப் பாரமே இல்லை. எனவே பாரம் கயிற்றில் இருக்கிறது. தடித்த, பூச்சுப்போட்ட கயிற்றை நீண்ட மெல்லிய தடியால் தலைக்கு மேலே பின்னும் முன்னுமாக வீசி, கடைசியில் அந்த ஈ நீர்மேல் மெதுவாக இறங்கும்படி விடுவார்கள். ட்ரவுட் என்ற மீன் குளிர்ந்த ஓடைகளில் பூச்சியைத் தின்று வாழ்வது. அன்று எந்தப் பூச்சி நீரில் பறக்கிறதோ அதே சாயலில் ஈ இருந்தால்தான் மீன் வாயைத் திறக்கும். விருந்தாளிக்கு இது தெரியாது. வழிகாட்டி ஆற்றோரக் கல்லொன்றைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் குடம்பியைப் பார்த்து, பெட்டியிலிருந்து பொருத்தமான ஈயை எடுத்துக் கொடுப்பான். விருந்தாளி பணம் கொடுப்பது மீனுக்கல்ல. அந்தக் கல்லைப் புரட்டத் தெரிந்த கைக்கு.

இந்த ஈக்களைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. மேற்கு நாடுகளில் விற்கப்படும் ஈக்களில் பெரும்பகுதி அங்கே கட்டப்படுவதில்லை. கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளின் பட்டறைகளில் ஊழியர்கள் கையால் கட்டி அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திறகுக்கு இதற்காகவே பெரும் கிராக்கி இருந்தது, பின்னர் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது. ட்ரவுட்டைக் கண்ணாலும் கண்டிராத இலங்கைப் பெண் கட்டிய ஈயை மொன்டானாவில் ஒருவர் வீசிக்கொண்டிருக்கக் கூடும். நூல் பிடித்துப் பழகிய மருதமுனைக் கைத்தறி விரல்களுக்கு அந்நியமான வேலையல்ல இது.

பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப நீரில் விட்டுவிடுவார்கள். கொக்கியில் முள் இருக்கக்கூடாது, மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும், நீருக்கு வெளியே சில விநாடிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாட்கள் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸைத் தொட்டால் பிற்பகல் 2 மணிக்குப் பின் மீன்பிடியையே மாநிலம் நிறுத்திவிடலாம், வெப்ப நீரில் ஒட்சிசன் குறைந்து விட்டு விடப்பட்ட மீனும் செத்துப்போகும் என்பதால். கரைவலை இழுத்து வயிறு கழுவுகின்ற எமது ஆட்களுக்கு மீனைப் பிடித்துவிட்டு விடுவது சிரிப்பாகத்தான் இருக்கும். உண்ணாமல் விளையாட்டுக்காக ஓர் உயிரைத் துன்புறுத்தலாமா என்ற கேள்வியும் மார்க்கம் பேணுகின்ற ஊர்களில் எழும். அதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தொழிலின் கணக்கு மட்டும் எளிது. ஒரு மீனைத் தின்றால் அது ஒரு வேளைச் சாப்பாடு. அதே மீன் ஆற்றில் இருந்தால் அடுத்த வாரமும் ஒரு விருந்தாளி வருவார்.

வழிகாட்டியாக வேலை செய்ய அங்கே மாநில அனுமதிப்பத்திரம் வேண்டும். பயணத்தை நடத்துகின்ற நிறுவனத்துக்கு வேறாக ஓர் உரிமமும், வனசேவையின் விசேட அனுமதியும் வேண்டும். அனுமதிகளின் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டது. யாரிடம் அனுமதி இருக்கிறதோ அவரிடம்தான் பணம் போகும். எமக்கு முக்கியமான இடம் இதுதான், ஏனென்றால் அந்த மலைகள் ஒருபோதும் ஆளில்லாக் காடுகளாக இருக்கவில்லை.

காட்டுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருந்தார்கள்

சாலிஷ், கூட்டனி, பொண்டரே என்ற பழங்குடி மக்கள் அந்த மலைகளில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1855இல் அமெரிக்க அரசுடன் ஹெல்கேற் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டு, பரந்த நிலத்தைக் கொடுத்து ஒரு சிறு ஒதுக்கீட்டு நிலத்துக்குள் ஒதுங்கினார்கள். ஆனால் பழைய இடங்களில் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் உள்ள உரிமையை எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். 1908 ஒக்டோபரில் சுவான் பள்ளத்தாக்கில் குடும்பமாக வேட்டைக்குப் போயிருந்த பொண்டரே மக்களை மாநிலத்தின் வேட்டைக் காவலர் ஒருவரும் உடன் வந்தவரும் சுட்டார்கள். சிறுவன் ஒருவன் உட்பட நால்வர் இறந்தனர். காவலரும் அங்கேயே கொல்லப்பட்டார். உடன்படிக்கை கையில் இருந்தும் காட்டுக்குள் போனதற்காக உயிர் போனது. பொப் மார்ஷல் வனாந்தரத்தின் மேற்கு எல்லைக்கு அருகில்தான் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். 1982இல் அதே மக்களின் கூட்டுப் பேரவை, தமது ஒதுக்கீட்டு நிலத்தின் கிழக்கே உள்ள மிஷன் மலைகளைத் தாமே பழங்குடி வனாந்தரமாக அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு பழங்குடி தானாக முன்வந்து செய்த முதலாவது அறிவிப்பு அது. இன்று வெளியாள் ஒருவர் அங்கே நடக்கவோ மீன்பிடிக்கவோ போவதென்றால் பழங்குடியினரின் அனுமதி பெற வேண்டும். கரடிகள் உச்சிக்கு வந்து பூச்சி தின்கின்ற கோடை வாரங்களில் ஒரு பகுதியை அவர்கள் முழுதாகவே மூடிவிடுகிறார்கள். விருந்தாளி காத்திருக்க வேண்டியதுதான். மூடுவதும் திறப்பதும் அவர்களுடைய கையில்.

நுவரெலியாவுக்கு வந்த மீன்

எமது நாட்டு மலைக்கு வருவோம். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் சுதேச மீன் இருக்கவில்லை. பிரித்தானியத் தோட்டத்துரைமார் தமது ஊர்ப் பொழுதுபோக்கைக் கொண்டுவர விரும்பினார்கள். 1880களில் பிரித்தானியாவிலிருந்து ட்ரவுட் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாவில் பொரிக்க வைத்தார்கள். அந்தக் கபிலநிற ட்ரவுட் இங்கே சரியாக இனம்பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் நிலைத்தது. அதன் தாயகம் பசிபிக் கடலோரம். இதே முயற்சி தமிழ்நாட்டில் நீலகிரியிலும் நடந்தது. 1907 அளவில் ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்தார்கள்.

ட்ரவுட் வருமுன்னே குதிரை வந்துவிட்டது. ஆபிரிக்க ஆய்வாளர் என்று பின்னாளில் பெயர்பெற்ற சாமுவேல் பேக்கர் 1848 தொடக்கம் 1855 வரை நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தவர். நாய்க்கூட்டத்தோடும் குதிரையோடும் மரை வேட்டையாடியதையும், தாழ்நிலக் காடுகளில் யானை சுட்டதையும் இரண்டு புத்தகங்களாக எழுதினார். கொன்ற தொகையைப் பெருமையாகச் சொல்கின்ற புத்தகங்கள். இன்று வாசிப்பதற்கு வயிற்றைக் குமட்டும். ஆனாலும் மலைநாட்டின் அக்காலத்து நிலையை அறிய அவை தேவைப்படுகின்றன.

இப்போது ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா (1988), உலக மரபுரிமையின் ஒரு பகுதியும்கூட (2010). வனஜீவராசிகள் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் பொழுதுபோக்காகத் தூண்டில் போட முடியாது. ட்ரவுட் அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் உயிரியலாளர்கள் அதை விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. அந்த ஓடைகளுக்கே உரிய நன்னீர் இறாலையும் தவளைக் குடம்பிகளையும் தின்கின்ற வெளிநாட்டு மீன் அது. ஆகவே மொன்டானாவைப் போல ஒரு குதிரையும் தூண்டிலும் சேர்ந்த பயணத்தை இலங்கை மலைகளில் தேடுபவர் ஏமாந்துதான் போவார். நுவரெலியாவில் வாடகைக் குதிரையில் குளக்கரையைச் சுற்றிவரலாம், அவ்வளவுதான்.

பணிக்கரும் தவளமும்

கிழக்கில் கதை வேறு. இங்கே குதிரை பெரிதாக இருக்கவில்லை. தூண்டில் விளையாட்டும் இருக்கவில்லை. வழிகாட்டி இருந்தான்.

1845 தொடக்கம் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் ரெனன்ற். 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலில் அவர் பணிக்கரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும் சோனகக் கிராமங்களில் வாழ்ந்த யானை பிடிப்போர். அவர்கள் பிடித்த யானைகள் தென்னிந்திய அரசர்களுக்குப் போயின. ரெனன்ற் வியந்தது அவர்களது தடம் பார்க்கும் திறனை. காய்ந்த சருகு நிறைந்த காட்டில் வெளியாள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், ஒடிந்த ஒரு சுள்ளியையும் யானையின் வாயிலிருந்து விழுந்த ஓர் இலையில் பதிந்த பல்லடையாளத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகத் தொடர்வார்கள். தடம் தவறினால் வட்டமடித்து மறுபடி பிடிப்பார்கள். காற்று அசையாத நேரத்தில் அதன் திசையை அறிய ஒரு சிலந்தி நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஏனென்றால் யானையின் மோப்பத்துக்கு எதிர்க்காற்றில்தான் நெருங்க முடியும். ஈரக் களிமண்ணில் பதிந்த முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோளுயரம் வரும் என்பதும் அவர்கள் அறிந்ததே. கூட்டத்தைக் காணுமுன்னே எத்தனை யானை, எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பந்தியில் இன்னொரு செய்தியும் உண்டு. வேட்டைக்கு வருகின்ற ஐரோப்பியர் இவர்களது சேவையை ஆவலோடு தேடினார்கள் என்கிறார். அதாவது இன்று மொன்டானாவில் ஒரு வழிகாட்டிக்கு டொலர் கொடுத்து வாங்குகின்ற அதே பொருளை, 170 வருடங்களுக்கு முன் தமிழ் பேசுகின்ற கிழக்கின் முஸ்லிம்கள் விற்றிருக்கிறார்கள். யானைக்கு நடந்ததை நான் இங்கே புகழவில்லை. சுருக்குப் போட்டுப் பிடித்து மரத்தில் கட்டிப் பட்டினி போட்ட தொழில் அது. 1937இன் வனஜீவராசிகள் கட்டளைச் சட்டத்தின்படி யானை பிடிப்பது உரிமம் இன்றிச் செய்ய முடியாத காரியம். தொழில் போனது சரி. தடம் பார்க்கும் கண்ணும் அதோடு போனதுதான் இழப்பு.

பொதி சுமந்த பயணமும் எமக்கு உண்டு. அதன் பெயர் தவளம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய மாட்டுக் கூட்டங்கள் காட்டுப்பாதையால் மகியங்கனைப் பக்கமும் ஊவாப் பக்கமும் ஏறின. திரும்பும்போது பாக்கும் மலைநாட்டுப் பொருள்களும் இறங்கின. கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே மடிகே என்ற தனிப் பிரிவு இருந்தது, அதில் முஸ்லிம்கள் சேவை செய்தார்கள். போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெரும் தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதும் பதிவாகியிருக்கிறது. மலையும் கரையும் ஒரு காலத்தில் ஒரே பாதையில் இருந்தன. மொனராகலை மாவட்டத்தில் பக்கினிகஹவெல போன்ற முஸ்லிம் ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தப் பாதைகள் ஒரு நாளில் மூடப்படவில்லை. வீதியும் லொறியும் வந்து தவளத்தை நிறுத்தின. அதன்பின் கல்லோயாத் திட்டம் வந்தது. கல்லோயா என்று இப்போது எல்லோரும் சொல்கின்ற ஆற்றுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். 1949இல் தொடங்கிய திட்டத்தில் இங்கினியாகலையில் அதை மறித்து சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். பெருந்தொகையான குடியேற்றம் நடந்தது. 1956 ஜூனில் அங்கே தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கு அந்த நீர்தான் வருகிறது. ஆனால் அந்த நீர் எங்கிருந்து வருகிறதென்று மேலே போய்ப் பார்த்தவர்கள் எமது ஊர்களில் எத்தனை பேர்?

யுத்தம் மிச்சத்தை மூடியது. குமண (அப்போது யால கிழக்கு) தேசியப் பூங்கா 1985இல் மூடப்பட்டு 2003இல்தான் திறந்தது. அந்த 18 வருடங்களில் காட்டோரமாக வேலைக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்த காரியம். 1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் நெல் அறுவடையில் நின்ற தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பூங்கா திறந்த பின்னும் முடியவில்லை. 2006 செப்டெம்பரில் பொத்துவில் இறத்தல்குளத்தில் குள வேலைக்குப் போன முஸ்லிம் தொழிலாளர் 10 பேரளவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசும் புலிகளும் ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டினார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நீதி வரவில்லை. இடையில் 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், நாட்டிலேயே ஆகக் கூடிய தொகை. வாப்பாவோடு காட்டுக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை இப்படித்தான் வீட்டு வாசலிலும் அகதி முகாமிலும் வளர்ந்தது. முதிரைக்கும் பாலைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

யுத்தம் முடிந்த பின் காணிப் பிரச்சினை தொடங்கியது. 2010 ஜூலையில் பாணமையில் றாகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து 350 குடும்பங்கள் விரட்டப்பட்டன, அந்தக் காணி படையினர் வசம் போனது. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்த பின்னும் மக்கள் போராட வேண்டியிருந்தது. அழகான களப்பும் கடலும் உள்ள காணிக்குச் சுற்றுலாவில் விலை உண்டு என்பதை எல்லோரும் அறிவார்கள். வழிகாட்டியின் அறிவும் அந்த நிலத்தோடு சேர்ந்ததுதான். நிலம் போனால் அறிவை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

இப்போது இருப்பவை

இரண்டு இடங்களைச் சொல்லலாம். கல்லோயாவுக்கு அருகே ரத்துகல என்ற வேடர் கிராமம் இருக்கிறது. அங்கத்தைய வேடர்கள் விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று மூலிகையும் தேனும் பழைய வாழிடங்களும் காட்டுகிறார்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போனால், நீர் வற்றும் மாதங்களில் யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்துவதைக் காணலாம். பூங்காவுக்குள் நுழைவு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடுதான்.

மற்றது பொத்துவில் களப்பு. இங்கே நடத்துபவர்கள் களப்பு மீனவர்களே, அவர்களது கூட்டுறவுச் சங்கத்தினூடாக. இயந்திரமில்லாத தோணியில் கண்டல் காட்டுக்குள் இரண்டு மணித்தியாலப் பயணம். வலை வீசத் தெரிந்த கைதான் தோணியையும் வலிக்கிறது. முதலை எந்த மேட்டில் வெயில் காயும், யானை எந்தத் துறையில் தண்ணீருக்கு வரும் என்பது அவர் தினமும் பார்ப்பது. இயந்திரம் இல்லாதது வறுமையின் அடையாளம் என்று எமது இளைஞர் சிலர் நினைக்கிறார்கள். மொன்டானாவில் சட்டம் போட்டுத் தடுத்ததை இங்கே மீனவர் தாமாகவே வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். இயந்திரப் படகு வந்தால் பறவை எழும்பிவிடும், விருந்தாளி வேறிடம் போய்விடுவார்.

ஈத்தூண்டிலுக்கும் இந்தக் கரையில் இடமில்லாமல் இல்லை. களப்பு வாய்களில் ஏறுகின்ற கொடுவா, அவுஸ்திரேலியாவில் ஈத்தூண்டில்காரர்கள் பணம் செலவழித்துத் தேடுகின்ற மீன். குளங்களில் விராலும் உண்டு, 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் உண்டு. பூங்கா எல்லைக்கு வெளியே, மீனவர் சங்கத்தின் சம்மதத்தோடு, பிடித்த மீனை மீனவரிடமே கொடுத்துவிடுகின்ற முறையில் இதைச் செய்யலாம் என்பது எனது எண்ணம். சம்மதம் என்ற சொல்லை யாரும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. களப்பை நம்பி உலை வைப்பவரின் வலைத்தடத்தில் விருந்தாளி தூண்டில் போட்டால் சண்டைதான் வரும்.

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞருக்குச் சட்ட விடயம் ஒன்று. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையே வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகைகள் உண்டு. ஒரு களப்பையோ ஒரு காட்டோரத்தையோ நன்றாக அறிந்தவருக்குத் தல வழிகாட்டி உரிமமே முதற்படி. உரிமம் இல்லாமல் கூட்டிப்போனால், ஏதாவது விபத்து நடந்த அன்று பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழும். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும், முதலுதவி தெரிய வேண்டும், தோணியில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். பறவைகளின் தமிழ்ப் பெயர் தெரிந்த மூத்த காக்காமாரிடம் இரண்டு பருவம் கூடவே போய்வருவது எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாத பாடம். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

பொத்துவில் களப்புக்குப் போக விரும்புபவர்கள் காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் நான்கு மணியளவில் துறைக்கு வந்துவிட வேண்டும். நடுப்பகலில் போனால் கண்டல் மரங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். கூலியை இடைத்தரகரிடம் கொடுக்காமல் தோணிக்காரரின் சங்கத்திலேயே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.